எல்லையில் தொலைந்த ளகரம்

ஓசூருக்கு டிக்கெட் எடுத்தவர்கள் எல்லோரும் ஓசூரில் இறங்கிவிடுவதில்லை. சூளகிரி தாண்டியது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து கண்ணைத் திறந்தபோது கடைப் பலகைகளில் எல்லாம் கன்னடத்தில் ஜிலேபி பிழிந்து வைத்திருந்தார்கள்.

"ஓசூர் வந்தாச்சா?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"ஓசூர் போயிப் பத்து நிமிசம் ஆச்சுங்க. இது ஊருக்குள்ள போகாது, பாலத்து மேல போற வண்டி. எறங்குங்க எறங்குங்கன்னு அவ்ளோ கத்துனேன். நீங்கதான் வாயத் தொறந்துட்டுத் தூங்கிட்டு இருந்தீங்க."

வாயைத் திறந்த விவரத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அத்திப்பள்ளியில் என்னையும் பையையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஐம்பது வயதில் முதன்முறையாக ஓர் அயல்நாட்டில் தனியாக நின்றேன். தமிழ்நாடு கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் போர்டு படிக்கத் தெரியாத ஊர் அயல்நாடுதான்.

நான் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. சனி ஞாயிறுகளில் பட்டிமன்றப் பேச்சாளர். இருபத்து மூன்று வருஷமாக எந்தத் தலைப்பு கொடுத்தாலும் என்னைப் 'பெண்களே' அணியில்தான் போடுவார்கள். வீட்டை ஆள்வது பெண்களே, சிக்கனமாக இருப்பது பெண்களே, அதிகம் பேசுவது பெண்களே. எல்லா மேடையிலும் நிரூபித்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் இன்னும் தீர்ப்பை ஏற்கவில்லை.

இந்த முறை ஓசூரில் ஒரு கல்லூரி அழைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டிமன்றம். 'கல்வியில் பெண்களுக்குத் தனி இடம் இன்றும் தேவையா, இனித் தேவையில்லையா?' நான் புதன்கிழமையே வந்துவிட்டேன். ஊர் சுற்றலாம் என்று ஆசை.

முதலில் ஒரு காபி குடித்துவிட்டு நாடு திரும்பலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "பை டூ?" என்றார். இன்னும் ஒன்றுமே வாங்கவில்லை, அதற்குள் 'பை' சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள். பதினேழு வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் ஃபைல். "பை டூன்னா ஒரு காபிய ரெண்டு டம்ளர்ல பாதிப் பாதியா ஊத்திக் குடுக்கறதுங்க. வேணும்னா நாம ரெண்டு பேரும் வாங்கிக்கலாமா?"

"ஊத்தச் சொல்லு ஏட்டி" என்றேன்.

அவளுக்குப் பின்னால் பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த ஆள் நிமிர்ந்தார். "ஏட்டின்னியளே! நீங்க நம்ம பக்கமா?"

அவர் பெயர் சுப்பையா. சொந்த ஊர் சங்கரன்கோயில் பக்கம். பதினைந்து வருஷமாக மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து, ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். "இது எம் மக டீச்சர். பேரு இசக்கி" என்று அந்தப் பெண்ணைக் காட்டினார். அவர் 'மக' என்று சொன்னதைக் கேட்டதும் என் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்பது போல இருந்தது. காபியை மறந்துவிட்டு ஊர்க்கதையைப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

"எங்க வந்திய இந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. சுப்பையாவின் முகம் சுருங்கிவிட்டது.

இசக்கிதான் சொன்னாள். "நான் பொண்ணுன்னு நிரூபிக்க வந்தோம் டீச்சர். முடியல."

விஷயம் இதுதான். இசக்கி பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு மகளிர் பாலிடெக்னிக்கில் மெக்கட்ரானிக்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இடமும் கிடைத்துவிட்டது. சான்றிதழ் சரிபார்க்கப் போனால், கம்ப்யூட்டர் அவளை 'ஆண்' என்றது. ஆதாரைப் பார்த்தார்கள், ஆண். அதற்கு மூலமான பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்கள். கன்னடத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் படித்தார். ஆண். ஆதாரில் யார் பாலினத்தைப் பார்க்கிறார்கள்? போட்டோவைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. பள்ளிக்கூடத்தில் முகத்தைப் பார்த்துப் பெண்கள் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். பதினேழு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருத்தியதற்கு ஏதாவது ஒரு தாள் கொண்டுவராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அவள் பிறந்தது கர்நாடகப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில். அப்போது அங்கேதான் குடியிருந்தார்களாம். காலையில் அங்கே போய்க் கேட்டதற்கு, கவுன்ட்டரில் இருந்தவன், பெண்தான் என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வா என்றிருக்கிறான்.

"எந்த டாக்டர் எதப் பாத்துட்டுக் குடுப்பாரு?" என்றாள் இசக்கி. எனக்குக் காபி கசந்தது.

ஷேர் ஆட்டோவில் எல்லை வரை வந்து, ஜூஜூவாடியில் டவுன் பஸ் ஏறினோம். தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் எங்கள் இருவரையும் ஏறிட்டுப் பார்த்துவிட்டு இரண்டு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இசக்கி அதை ஃபைலுக்குள் பத்திரமாக வைத்தாள். "கவர்மெண்ட்லயே என்னப் பொண்ணுன்னு ஒத்துக்கிட்டவரு இவரு ஒருத்தருதான் டீச்சர். இத அட்டாச் பண்ணலாமா?"

"இந்தக் காலேஜ் சீட்டு போயிட்டுன்னா என்ன ஏட்டி பண்ணுவ?"

"அம்மா கூடக் கம்பெனி வண்டி ஏறணும். அம்மா லைன்ல வேல பாக்கறாங்க. லைன் ஃபுல்லா பொம்பளைங்கதான். ஆனா மெஷின் நின்னு போச்சுன்னா யாரும் தொடக் கூடாது. டெக்னீசியன் சார் வர வரைக்கும் எல்லாம் கையக் கட்டிட்டு நிக்கணும். டெக்னீசியன் எல்லாம் ஆம்பளைங்க. எனக்கு அந்த மெஷினத் தொறக்கணும் டீச்சர். அவ்ளோதான்."

"பொம்பளப் பிள்ளன்னு நிரூபிக்கவே இந்தப் பாடு" என்றார் சுப்பையா. "பேப்பர்ல ஆம்பளயாவே இருந்துட்டுப் போவட்டுமேன்னு கூட ஒரு நேரம் தோணிட்டு டீச்சர். ஆம்பளன்னா லாபந்தானே?"

இசக்கி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "பதினேழு வருசமா பேப்பர்ல ஆம்பளயாத்தான இருந்தேன். என்ன லாபம் கண்டேன்? காலைல தண்ணி யாரு புடிச்சா? பாத்திரம் யாரு தேச்சா? நீங்க சாப்ட்டுத் தட்டுலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போவீங்க. ஒரு நாளாவது நீ ஆம்பள, உக்காருன்னு சொல்லியிருக்கீங்களா?"

பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாம் சுப்பையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் வழியாக ஒரு டயர்க் கடையைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

லாட்ஜில் எனக்காகக் காத்திருந்தவர் கல்லூரியின் தமிழ்த் துறைப் பேராசிரியர் மஞ்சுநாத். வீட்டில் தெலுங்கு, மனைவியிடம் கன்னடம், சம்பளத்துக்குத் தமிழ். ஓசூரில் இதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்றவர், சாப்பிட்டாயிற்றா என்று உடனே தமிழிலும் கேட்டுவிட்டு, மெல்ல இழுத்தார்.

"ஒரு சின்ன சேஞ்ச் மேடம். உங்கள 'இனித் தேவையில்லை' அணியில போட்டிருக்கு."

"என்னையா? நான் பிறந்ததிலிருந்தே 'தேவை' அணி."

"அந்த அணியில மூணு பேரும் ஆம்பளைங்களா ஆயிட்டாங்க. பொம்பளைங்களுக்குத் தனி இடம் வேணாம்னு மூணு ஆம்பளைங்க உக்காந்து பேசுனா பாக்க நல்லா இருக்காதுங்க. அதான், ஒரு லேடிக்காவது எடம் ஒதுக்கலாம்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. இட ஒதுக்கீடு வேண்டாம் என்கிற அணியில் எனக்கு இட ஒதுக்கீடு. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே ஒதுக்கீட்டை மறுக்க மனம் வரவில்லை. சரி என்றேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து மெஸ்ஸில் களியும் கீரைக் குழம்பும். எங்கள் ஊரில் களி தின்னப் போகிறான் என்றால் ஜெயிலுக்குப் போகிறான் என்று அர்த்தம். இங்கே கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க இன்ஜினீயர்கள் வரிசையில் நின்று தின்கிறார்கள். நான் முதல் உருண்டையை மென்று பல்லில் அப்பிக்கொண்டு திணறினேன்.

"மெல்லாதீங்க மேடம், முழுங்குங்க" என்றார் பரிமாறிய அம்மா.

பக்கத்து மேசையில் ஐ.டி.ஐ. முடித்த இரண்டு இளைஞர்கள் வயிறெரிந்துகொண்டிருந்தார்கள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். எனக்குப் பிடிபட்ட வரையில் சாரம் இது. கம்பெனிக்காரன் ஊர் ஊராக வண்டி அனுப்பிப் பெண்களைத்தான் ஏற்றிப் போகிறான், போச்சம்பள்ளி வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று, நமக்கு கேட்டில் சல்யூட் அடிக்கிற வேலைதான் மிச்சம், இனிமேல் ஆம்பளைகளுக்குத்தான் ஒதுக்கீடு கேட்க வேண்டும். என் அணிக்கு இதைவிட நல்ல பாயின்ட் கிடைக்காது என்று கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

பரிமாறிய அம்மா குழம்பு வாளியை டொக்கென்று வைத்தார். "ஏன் எடுக்கறான்னு நெனைக்கற கண்ணு? பாசத்துலயா? உங்கள வெச்சா மூணாம் மாசம் கொடி புடிப்பீங்க. அவளுக வாயத் தொறக்க மாட்டாளுகன்னு எடுக்கறான். எம் பொண்ணு பாத்ரூம் போறதுக்குக் கையத் தூக்கிட்டு நிக்கறா. வேணும்னா நீங்க போயி அந்த ஒதுக்கீட்ட வாங்கிக்கோங்க."

எழுதிய பாயின்டை அடித்தேன்.

மறுநாள் காலை ஊர் சுற்றக் கிளம்பியவள், சுற்றியது என்னவோ எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியைத்தான். சுப்பையா வரச்சொல்லிக் கேட்கவில்லை. அந்த 'டாக்டர் சர்டிபிகேட்' என்ற வார்த்தை எனக்கு இரவு முழுக்க நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

கவுன்ட்டர்காரனைத் தாண்டி உள்ளே இருந்த அதிகாரி அம்மாவிடமே போனோம். ஐம்பது வயதிருக்கும். தலையில் கனகாம்பரம், மேசையில் மூன்று அடுக்கு டிபன் கேரியர். கன்னடம் பேசினார். நடுநடுவே தமிழ் மாதிரி ஒன்றையும் பேசினார். இசக்கி இருபக்கமும் மொழிபெயர்த்தாள். பழைய பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார்.

"தகவல் கொடுத்தவர், தந்தை. கையெழுத்து உங்களுடையதுதானே?"

"ஆமாம்மா."

"குழந்தை ஆண் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்."

"இல்லம்மா. என்ன பிள்ளைன்னு கேட்டாவ. நான் மக-ன்னுதான் சொன்னேன்."

"அதைத்தானே எழுதியிருக்கிறது. மக."

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன். மக!"

"நானும் அதையேதான் சொல்கிறேன். மக!"

இருவரும் ஒரே வார்த்தையை மாறி மாறிச் சொல்லி, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் இவ்வளவு ஒற்றுமையான சண்டையை நான் பார்த்ததில்லை. இசக்கி மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் நின்றாள். திடீரென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டீச்சர், கன்னடத்துல மகன்னா மகன் டீச்சர். தெலுங்குலயும் மகன்னா ஆம்பள!"

பதினேழு வருஷத்துக்கு முந்தைய காட்சி என் கண் முன்னால் ஓடியது. சங்கரன்கோயில்காரன் ஒருவன் பெண் பிறந்த சந்தோஷத்தில் ஓடி வருகிறான். என்ன குழந்தை என்று கேட்கிறார்கள். மார்பை நிமிர்த்தி 'மக' என்கிறான். கேட்டவர் கன்னடக்காரர், ஆண் என்று எழுதிக்கொள்கிறார். கீழே இவன் தமிழில் கையெழுத்துப் போடுகிறான். பெயரைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்குமா என்றால், இசக்கி என்று எங்கள் பக்கம் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இசக்கி மட்டும் ஆணாகிவிட்டாள்.

அதிகாரி அம்மா லேசில் விடவில்லை. "எனக்கும் தமிழ் போர்டு படிக்கத் தெரியும். மகளிர் காவல் நிலையம், மகளிர் கழிப்பறை. தமிழில் பெண் என்றால் மகள்தானே? கடைசியில் ஒரு ள் இருக்க வேண்டுமே, அது எங்கே?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தமிழாசிரியை என்று பெருமையாக அறிமுகப்படுத்திக்கொண்டவள் நான்தானே. இருபத்து மூன்று வருஷமாக நான் வகுப்பில் நடத்துகிற போர் இந்த ள் மேல்தான். "மகள் என்று முழுசாச் சொல்லு. ள் என்பது பெண்பால் விகுதி, அதை முழுங்கினால் பெண்ணையே முழுங்கின மாதிரி" என்று எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியிருப்பேன். எத்தனை அரை மார்க்கைக் குறைத்திருப்பேன். அது வெறும் இலக்கணம் என்றுதான் நானே நினைத்திருந்தேன். இங்கே ஒருத்தர் நிஜமாகவே முழுங்கி வைத்திருக்கிறார்.

அந்த மேசையில் உட்கார்ந்து கைப்பட எழுதிக்கொடுத்தேன். 'தென் மாவட்டப் பேச்சு வழக்கில் மகள் என்னும் சொல்லின் இறுதி ளகர மெய் கெட்டு, மக என்றே வழங்கும். இது பிழையன்று. இவண், தமிழாசிரியை.' பிழையன்று என்று எழுதும்போது என் கை கூசியது. என் மாணவர்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லாதது நல்லது. அதை அம்மாவுக்கு விளக்க, விகுதி, பகுதி, எழுத்து திரிதல் என்று கால்மணி நேரம் பேசினேன். இசக்கி அதைக் கன்னடத்தில் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

"அவ்வளவையும் சொன்னியாட்டி?"

"எங்க ஊர் ஆளுங்க வார்த்தைய முழுசா முடிக்க மாட்டாங்க மேடம்னு சொன்னேன் டீச்சர். அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு."

அம்மா சிரித்தார். எழுந்து போய், பிரசவ வார்டின் பழைய நோட்டை யாரிடமோ தேடச் சொன்னார். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எங்களை வெளியே அனுப்பிவிட்டுச் சாப்பிடுவார் என்று பார்த்தால், கேரியர் மூடியில் தயிர் சாதத்தைப் போட்டு எங்கள் பக்கம் நகர்த்தினார். சுப்பையா ஒரு வாய்கூட இறங்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "எல்லாம் எம் வாயால வந்தது டீச்சர்" என்றார். "எம் பிள்ள வாழ்க்கையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே." அவர் கண் கலங்கியதை இசக்கி பார்க்காத மாதிரி இருந்தாள்.

இரண்டரை மணிக்கு நோட்டு வந்தது. அட்டையில் கரையான். உள்ளே அந்தத் தேதியில், இசக்கியின் அம்மா பெயருக்கு நேரே, ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள்: ஹெண்ணு. பெண். குழந்தையைப் பார்த்தவள் சரியாக எழுதியிருக்கிறாள், வார்த்தையைக் கேட்டவர் தப்பாக எழுதியிருக்கிறார். அதிகாரி அம்மா இரண்டையும் இணைத்து, திருத்தத்துக்கு உத்தரவு போட்டு, முத்திரை குத்திய ஓர் ஒப்புகைத் தாளைக் கொடுத்தார். புதுச் சான்றிதழ் வரப் பதினைந்து நாள் ஆகும், அதுவரை பாலிடெக்னிக்கில் இதைக் காட்டுங்கள் என்றார். ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டதற்கு, தெரியாது என்று கையை விரித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டிமன்றம். அதே நேரத்தில் அப்பாவும் மகளும் அந்தத் தாளோடு பாலிடெக்னிக் வாசலில் நின்றிருந்தார்கள். நான் மேடையில் உட்கார்ந்து போனை மடியில் வைத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். என் அணித் தலைவர் திறமை, தகுதி, உழைப்பு என்று மேசையைக் குத்திக்கொண்டிருந்தார். எதிரணித் தலைவர் வரலாறு, அநீதி, சமூகம் என்று அதே மேசையை மறுபக்கம் குத்தினார். எனக்கு அந்த மேசையின் மேல்தான் இரக்கமாக இருந்தது.

என் முறை நாலு மணிக்கு வந்தது. எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

"அவையோர்க்கு வணக்கம். எங்கள் அணியில் மற்ற இருவரும் திறமையால் வந்தவர்கள். நான் மட்டும் இட ஒதுக்கீட்டில் வந்தவள். ஆம்பளைகளே உட்கார்ந்தால் பார்க்க நல்லா இருக்காது என்று எனக்கு ஒரு நாற்காலி ஒதுக்கினார்கள். இப்போது நான் இட ஒதுக்கீடு ஏன் தேவையில்லை என்று பேசப் போகிறேன்."

கல்லூரிப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மஞ்சுநாத் முன்வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பெண்களுக்குத் தனி இடம் எதற்கு? ரொம்ப எளிய வழி இருக்கிறது. பெண் குழந்தை பிறந்த அன்றைக்கே ஆண் என்று எழுதிவிடுங்கள். காகிதத்தில் எல்லோரும் சமம். எனக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியும். பதினேழு வருஷமாகக் காகிதத்தில் ஆண். ஆனால் காலையில் எழுந்து தண்ணீர் பிடிக்கிறான். பாத்திரம் தேய்க்கிறான். அப்பா தட்டில் கை கழுவிவிட்டுப் போனால் அந்தத் தட்டை எடுக்கிறான். காகிதத்துக்குத் தெரிந்தது அவன் வீட்டுத் தட்டுக்குத் தெரியவில்லை. பெண்ணாக இருப்பதற்கான வேலை எல்லாம் தானாக வந்துவிட்டது. பெண்ணாக இருப்பதற்கு என்று கொடுத்த ஒரே ஒரு நாற்காலி, அதில் உட்காரப் போனபோதுதான் அடையாள அட்டை கேட்டார்கள்."

சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்து என்ன சொல்ல நினைத்திருந்தேனோ, எனக்கு இப்போது நினைவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது. நடுவர் முறைத்தார். முறைக்கட்டும் என்று எடுத்தேன். அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டேன் போல. சுப்பையாவின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"டீச்சர்! சேத்துக்கிட்டாவ டீச்சர்! எம் மகள்! எம் மகள்ள்!"

அப்படி ஒரு ள்-ஐ நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. நாக்கை மடித்து, அண்ணத்தில் ஒட்டி, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மேடையிலேயே அழுதுவிட்டேன். ஏன் என்று தெரியாமலே பிள்ளைகள் கை தட்டினார்கள். நடுவர், இரு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று வழக்கமான தீர்ப்பைச் சொல்லி, இறுதியில் 'தேவை' அணிக்கே வெற்றி என்றார். என் அணித் தலைவர் கீழே இறங்கும்வரை என்னோடு பேசவில்லை. மஞ்சுநாத் மட்டும் காதோரம், "அடுத்த வருசமும் இதே அணிக்கு வாங்க மேடம்" என்றார்.

சாயங்காலம் சுப்பையா வீட்டில் சாப்பாடு. மூக்கண்டப்பள்ளியில் வரிசை வீடுகள், மூன்றாம் மாடி, ஒரே அறை. இசக்கியின் அம்மா எனக்காகச் சொதி வைத்துவிட்டு, மத்தியானமே கம்பெனி வண்டியில் போயிருந்தார். இடம் கிடைத்த செய்தி அவருக்கு இன்னும் தெரியாது. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால்தான் தெரியும். கர்நாடகத்திலிருந்து கல் எறிந்தால் விழுகிற தூரத்தில் திருநெல்வேலிச் சொதி. இஞ்சித் துவையலோடு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

தரையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். சுப்பையா சாப்பிட்டு முடித்து, பழக்கதோஷத்தில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். இசக்கி எழவில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"அப்பா."

"என்ன?"

"புது சர்டிபிகேட் வரப் பதினஞ்சு நாள் ஆகும்னாங்க இல்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அதுவரைக்கும் நான் ஆம்பளதான?"

சுப்பையா யோசித்தார். சட்டப்படி அதில் ஓட்டை ஒன்றும் தென்படவில்லை. "ஆமா" என்றார்.

"அப்பத் தட்ட எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் துவையலைப் பார்த்தேன். பிறகு மெல்லக் குனிந்து தன் தட்டை எடுத்தார். அதன்மேல் மகள் தட்டை அடுக்கினார்.

நான் என் தட்டையும் நீட்டினேன்.